உத்தரவில் இல்லாத துடைப்பம்

"அவன் வந்து உட்கார்ந்ததுமே தெரிஞ்சிடுச்சு சார். பேன்ட் பூரா பினாயில் வாசனை. பதினோரு வருஷமா அந்த வாசனையிலதான் நான் இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

பேரூராட்சி ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கும் அந்தத் தாய் இப்படித்தான் நம்மிடம் பேசத் தொடங்கினார். அவருடைய மகனுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். இளைஞர் நீதிக் குழுமத்தின் உத்தரவுப்படி சனி, ஞாயிறுகளில் ஓர் அரசு மருத்துவமனையில் 'சமூகச் சேவை' செய்யப் போய்வந்தான். அங்கே என்ன வேலை என்று வீட்டில் வாய் திறக்கவில்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் உடுப்பு அதைச் சொல்லிவிட்டது.

இந்தக் கட்டுரையில் அவர்களின் பெயர், ஊர், பள்ளி எதுவும் இருக்காது. சட்டத்துடன் முரண்பட்ட சிறார் யார் என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவு. அந்தப் பிரிவு பத்திரிகைகளுக்கு மட்டுமானது அல்ல. அது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

நடந்தது இதுதான். சாவியோடு நின்றிருந்த ஒரு மோட்டார் சைக்கிளை இவனும் இவனோடு படிக்கும் நண்பன் ஒருவனும் எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் தீர்ந்த இடத்தில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். வண்டி மறுநாளே உரியவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனாலும் வழக்கு வழக்குதான். "தப்பு பண்ணான். இல்லன்னு நான் சொல்லல. கண்டிக்கணும், சரி" என்கிறார் தாய்.

இருவரும் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். ஒரு நீதித்துறை நடுவரும், குறைந்தது ஒரு பெண்ணாவது உள்ளடங்கிய இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்ததுதான் இந்தக் குழுமம். அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவது முதல் சிறப்பு இல்லத்தில் வைப்பது வரை பல வழிகளை 18-ஆவது பிரிவு அதற்குத் தருகிறது. சமூகச் சேவை அவற்றில் மென்மையான வழிகளில் ஒன்று. இரண்டு பையன்களுக்கும் ஒரே உத்தரவு: எட்டு வாரங்கள், சனி, ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் மருத்துவமனையில் உதவி செய்ய வேண்டும்.

அன்று அந்தத் தாய் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். காரணம் உண்டு. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துக் கொல்லப்பட்ட செய்தியை அவர் மறக்கவில்லை. அந்த இல்லத்தின் பணியாளர்களே கைது செய்யப்பட்ட வழக்கு அது. "ஹோமுக்கு அனுப்பாம விட்டாங்களே, அதுவே போதும்னு நினைச்சேன்" என்றார்.

ஒரே உத்தரவு, இரண்டு வேலை

முதல் சனிக்கிழமை இருவரும் உத்தரவின் நகலோடு மருத்துவமனைக்குப் போனார்கள். மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்டவர் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். ஒரு முகவரியில் 'காலனி' என்று இருந்தது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். பழைய ஆதார் அட்டையைப் பார்த்து எழுதும் தாள்களில் அந்தச் சொல் இன்னும் தொடர்கிறது.

"உங்க அம்மா என்ன வேலை பார்க்கறாங்க?" என்று அடுத்த கேள்வி வந்ததாம். பையன் உள்ளதைச் சொன்னான்.

நண்பன் புறநோயாளிகள் சீட்டு கொடுக்கும் இடத்தில் முதியவர்களை வரிசையில் உட்கார வைக்கும் வேலைக்குப் போனான். இவன் கையில் வாளியும் துடைப்பமும் கொடுக்கப்பட்டன. வார்டுக் கழிப்பறைகள். அடுத்த நாளும் அதுவே. அடுத்த வாரமும் அதுவே. நண்பன் சாதி இந்து வீட்டுப் பிள்ளை. "நானும் அவன்கூடப் போறேன்னு சொன்னேன். நீ இங்கயே இருன்னுட்டாங்க" என்று அந்தப் பையனே பிறகு சொல்லியிருக்கிறான்.

மருத்துவமனைத் தரப்பிலும் கேட்டோம். ஆள் பற்றாக்குறை, உள்நோக்கம் ஏதும் இல்லை என்றார்கள். பேச்சுவாக்கில் ஒருவர், "அந்தப் பையனுக்குப் பழக்கப்பட்ட வேலைதானே என்று நினைத்திருப்பார்கள்" என்றார்.

அந்தப் பையன் அதற்கு முன் எந்தக் கழிப்பறையையும் கழுவியவன் அல்ல. அவன் கழுவக் கூடாது என்பதற்காகத்தான் அவன் அம்மா பதினோரு வருடமாகக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

இங்கே ஒரு கேள்வி வரும். சுத்தம் செய்வது கேவலமா? நாமும் அந்தத் தாயிடம் இதைக் கேட்டோம். அவர் பதிலில் தடுமாற்றம் இல்லை. "கேவலம்னா நான் செய்வேனா சார்? ரெண்டு பேரும் சேர்ந்து கழுவியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இவனுக்கு மட்டும் ஏன்? தப்பு ரெண்டு பேரும்தானே பண்ணாங்க?"

சட்டம் சொல்வது

2007-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், சமூகச் சேவை என்பது இழிவுபடுத்துவதாகவோ மனிதத் தன்மையைக் குலைப்பதாகவோ இருக்கக் கூடாது என்பதைச் சேர்த்தே அதை விளக்கின. இப்போதுள்ள 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள், 14 வயதுக்கு மேற்பட்ட சிறார் செய்யும் சேவை என்று சொல்லிச் சில உதாரணங்களைத் தருகின்றன: பூங்காவைப் பராமரிப்பது, முதியோருக்கு உதவுவது, மருத்துவமனையில் உதவுவது, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு உதவுவது, போக்குவரத்துத் தன்னார்வலராக நிற்பது.

'மருத்துவமனையில் உதவுவது' என்ற சொற்களுக்குள் சீட்டு எழுதுவதும் அடங்கும், சக்கர நாற்காலி தள்ளுவதும் அடங்கும், கழிப்பறை கழுவுவதும் அடங்கிவிடும். இவற்றில் எது யாருக்கு என்பதை உத்தரவு சொல்லவில்லை என்றால், அதை மேற்பார்வையாளர் முடிவு செய்வார். மேற்பார்வையாளர் தெருவின் பெயரைப் பார்த்து முடிவு செய்தால், நீதிமன்ற உத்தரவுக்குள் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இது சட்டத்துக்கே எதிரானது. சிறாரிடம் சாதி உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்பதை இளைஞர் நீதிச் சட்டம் தன் 3-ஆவது பிரிவிலேயே அடிப்படைக் கொள்கையாக வைத்திருக்கிறது. சிறாரின் கண்ணியமும் அதே பிரிவில் இருக்கிறது.

பள்ளிகளில் இதை நாம் பார்த்திருக்கிறோம். பட்டியலின மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில், 2022-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகி, அவர் கைது செய்யப்பட்டார். பள்ளியில் நடந்தால் பெற்றோர் கேட்க முடிகிறது. 'கோர்ட் ஆர்டர்' என்ற பெயரில் நடக்கும்போது கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

ஒரு தாயின் நான்கு பயங்கள்

அந்தத் தாய் மூன்று வாரம் யாரிடமும் பேசவில்லை. முதல் பயம், கேள்வி கேட்டால் பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்பது. "செய்யறதுக்குக் கசக்குதா, அப்போ உள்ள போன்னு சொல்லிட்டா?"

இரண்டாவது, செல்போன். வாளியோடு நின்ற மகனை யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். மேலே சொன்ன 74-ஆவது பிரிவு இதற்கும் பொருந்தும். வழக்கில் உள்ள சிறாரின் அடையாளத்தை எந்த வகைத் தகவல் தொடர்பில் வெளியிட்டாலும் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். படம் எடுத்தவருக்கு இது தெரியாது. தாய்க்கும் தெரியாது.

மூன்றாவது, படிப்பு. படம் வந்த வாரத்தில் இருந்து அவன் இரண்டு நாள் பள்ளிக்குப் போனால் மூன்று நாள் போகவில்லை. "பள்ளிக்கூடம் போகலன்னா என்ன ஆவான்னு எனக்குத் தெரியும். எங்க மேஸ்திரி ஏற்கெனவே கேட்டுட்டாரு, பையனை லீவுல அனுப்புறியான்னு."

நான்காவது, வேலை. போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. 'கேஸ் இருந்தா கவர்மென்ட் வேலை கிடைக்காது' என்று தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. இப்படிப்பட்ட சிறு வழக்கில் குற்றம் செய்ததாகக் கண்டறியப்பட்டாலும், அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது 24-ஆவது பிரிவு. மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின், உரிய காலத்தில் பதிவேடுகளை அழிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வழக்கு முடிந்த பிறகு, நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல் துறை அந்தப் பதிவை வெளியே சொல்லக் கூடாது என்கிறது 74-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு.

இந்த நான்கில் ஒன்றைக்கூட உத்தரவு நாளன்று யாரும் அவருக்கு விளக்கவில்லை. தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு பக்க மனு

காலனியில் மாலை வகுப்பு எடுக்கும் ஓர் இளைஞர்தான் அவரை நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். பெண்கள், சிறார், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அங்கிருந்த வழக்கறிஞர் ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்தார்.

மனு 104-ஆவது பிரிவின்கீழ் போடப்பட்டது. சிறாரை அனுப்பும் நிறுவனத்தையோ, அவனை ஒப்படைத்த மேற்பார்வையாளரையோ மாற்றும்படி கேட்டால், குழுமம் தன் உத்தரவைத் தானே திருத்த இந்தப் பிரிவு இடம் தருகிறது. உத்தரவே தவறு என்று கருதினால் 30 நாட்களுக்குள் சிறார் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. மனு போட்டதற்காக யாரையும் இல்லத்துக்கு அனுப்ப மாட்டார்கள் என்று வழக்கறிஞர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் தாய் கையெழுத்துப் போட்டார்.

குழுமம் இரண்டு பையன்களையும் அழைத்துத் தனித்தனியாகக் கேட்டது. நண்பன் நடந்ததை அப்படியே சொன்னான். மீதமிருந்த வாரங்களுக்கு இருவரும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றுக்கு மாற்றப்பட்டார்கள். இந்த முறை என்ன வேலை என்பது உத்தரவிலேயே இருந்தது: விளையாட்டு நேரத்தில் உடன் இருப்பது, படம் வரைய உதவுவது, சாப்பாடு பரிமாறுவது. தட்டு கழுவுவதும் இருந்தது, இருவருக்கும்.

மருத்துவமனையில் துடைப்பத்தைக் கொடுத்தவரிடம் யாரும் விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி பெரியவர்களுக்கும்

2024 மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி இரண்டு பேர் இறந்த வழக்கில், காரை ஓட்டிய 17 வயதுப் பையனுக்கு, சாலை விபத்து பற்றி 300 வார்த்தைக் கட்டுரை எழுத வேண்டும், போக்குவரத்துக் காவலர்களோடு 15 நாள் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஜாமீன் கிடைத்தது. நாடே கொதித்தது. அந்த நிபந்தனை சரியா என்பது வேறு விவாதம். உயிர் போன வழக்கில் கையில் பேனா, பெட்ரோல் தீரும் வரை ஓட்டிய வழக்கில் கையில் துடைப்பம் என்பதை நம் மக்கள் கவனிக்காமல் இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பெரியவர்களுக்கும் சமூகச் சேவையை ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை தருவது, முதல் முறையாக 5,000 ரூபாய்க்கும் குறைவான பொருளைத் திருடி அதைத் திருப்பிக் கொடுப்பது போன்ற சில வழக்குகளில் இதை விதிக்கலாம். ஊதியம் கிடையாது. சமூகத்துக்குப் பயன்படும் வேலை என்பதுதான் விளக்கம். இந்த வழக்குகளில் சிக்குபவர்களில் நம் தெருக்களைச் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். என்ன வேலை என்பதை எழுதாமல் விட்டால், அந்த இடத்தை எது நிரப்பும் என்பதைப் பதினாறு வயதுப் பையன் ஒருவனின் அனுபவம் காட்டிவிட்டது.

சிறையை விடவும் இல்லத்தை விடவும் சமூகச் சேவை நல்லது. அதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்பது சிலவற்றைத்தான். வேலை என்ன, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்பது உத்தரவிலேயே இருக்க வேண்டும். ஒரே வழக்கில் உள்ளவர்களுக்கு ஒரே வேலை தரப்பட வேண்டும். கழிப்பறை, சாக்கடை வேலை சிறாருக்குக் கூடாது என்று எழுதிவிட வேண்டும். செல்போன் படத்துக்குத் தடை என்பதை மேற்பார்வையாளரிடம் சொல்லியே ஒப்படைக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் முதல் வாரத்திலேயே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். உத்தரவைத் தமிழில் பெற்றோருக்குப் படித்துக் காட்டி, குறை இருந்தால் எங்கே சொல்வது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

இதே நிலையில் இருக்கும் பெற்றோர், சட்ட உதவிக்கு 15100 எண்ணையும் சிறார் உதவிக்கு 1098 எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். உத்தரவின் நகல் கையில் இருக்கட்டும். பையன் ஒவ்வொரு வாரமும் என்ன வேலை செய்தான் என்று கேட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்தத் தாய் அப்படிச் சொல்லி எழுத வைத்த நோட்டுதான் குழுமத்தின் முன் சாட்சியாக நின்றது.

எட்டு வாரம் முடிந்துவிட்டது. பையன் இப்போது ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறான். சிறப்புப் பள்ளியில் ஒரு சிறுவன் வரைந்து கொடுத்த மோட்டார் சைக்கிள் படத்தை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். "அந்தப் படத்தைப் பார்த்தா எனக்குத்தான் பக்குன்னு இருக்குது. அவன் சிரிக்கிறான்" என்று சொன்ன தாய், மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று எழுந்துகொண்டார்.