‘போனஸ்’: ஓர் இலத்தீன் பெயரடையின் தோற்றமும் வடிவங்களும்

ஊழியர்கள் ஆவலுடன் எதிர்பார்க்கும் ‘போனஸ்’ இலத்தீனில் ஒரு பெயரடை. ‘பொனுஸ்’ என ஒலிக்கும் அச்சொல்லின் பொருள் ‘நல்ல’ என்பதாகும். ஆங்கிலத்தில் அது 18ஆம் நூற்றாண்டில் மிகைப்பணத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகி, அவ்வழியே நம்மை வந்தடைந்தது.

இதன் தொல்வடிவம் ‘துவெனொஸ்’. உரோம் நகரில் 1880ஆம் ஆண்டு ஹைன்ரிஹ் திரெசெல் கண்டெடுத்த மட்கலம் ஒன்றில் இவ்வடிவம் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கு அது ‘நல்லவன்’ எனப் பொருள்படுமா, ஆட்பெயரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சொல்முதலில் நின்ற தகர வகர மயக்கம் பிற்காலத்தில் பகரமாயிற்று. போரைக் குறித்த ‘துவெல்லும்’ என்பது ‘பெல்லும்’ ஆனதும் இவ்விதியாலேயே. ‘நன்றாக’ எனப் பொருள்படும் ‘பெனெ’ என்னும் வினையடையில் பழைய எகரம் இன்றும் காணக்கிடக்கிறது.

இனி வடிவங்களைக் காண்போம். தமிழில் நல்ல சிறுவன், நல்ல சிறுமி, நல்ல பரிசு என்னும் மூன்றிடத்தும் ‘நல்ல’ மாறுவதில்லை. இலத்தீனிலோ முறையே புவெர் பொனுஸ், புவெல்ல பொன, தோனும் பொனும் என அடைமொழி பெயரின் பாலைத் தழுவி மாறும். எண்ணையும் வேற்றுமையையும் தழுவும். மூன்று பால், இரண்டு எண், ஆறு வேற்றுமை எனக் கூட்டினால் 36 இடங்கள். அவற்றுள் பல ஒத்திருப்பதால், குறில் நெடில் வேறுபாட்டையும் கணக்கிட்டு, கற்க வேண்டியவை 14 வடிவங்களே.

மாணவர் இங்கு ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இயைபு என்பது ஈற்றொலிப் பொருத்தம் அன்று. ‘நௌத்த’ (மாலுமி) அகர ஈற்றுச் சொல்லாயினும் ஆண்பால். ஆகவே ‘நௌத்த பொனுஸ்’ என்பதே சரி, ‘நௌத்த பொன’ என்பது பிழை. இவ்வியைபே இலத்தீனுக்குச் சொல்வரிசையில் உரிமை தருகிறது. அடைமொழி பெயரைவிட்டு விலகி நின்றாலும் எதற்கு உரியது என்பதை ஈறு காட்டிவிடும். ஈறு மாறாத தமிழில் அடைமொழி பெயரின் முன் நின்றே அதனைத் தழுவுகிறது.

ஒப்பீட்டில் இச்சொல் தன் வேரையே விட்டுவிடுகிறது: மேலும் நல்ல என்பதற்கு ‘மெலியொர்’, மிக நல்ல என்பதற்கு ‘ஒப்திமுஸ்’.

பெயரின்றித் தனித்து நிற்கையில் இலத்தீனும் தமிழும் நெருங்கிவிடுகின்றன. நல்லவன், நல்லவள், நல்லது என நாம் பால் காட்டுவதுபோல் பொனுஸ், பொன, பொனும் என்பவை தாமே பெயராகி நிற்கும். அவ்விலக்கணப்படி நோக்கின், நல்லதொரு பொருளாகிய ஊக்கத்தொகை ‘பொனும்’ என்றே அமைந்திருக்க வேண்டும். ‘போனஸ்’ என்னும்போது நாம் சொல்வது ‘நல்லவன்’!