வீரனுக்குச் செய்யும் மரியாதை பதக்கத்தோடு முடிகிறதா?

2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘அமரன்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு மேஜர் முகுந்த் வரதராஜன் யார் என்று சொல்லத் தேவையில்லை. சென்னையைச் சேர்ந்த அந்தத் தமிழர், 2014 ஏப்ரல் 25ஆம் தேதி காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிர்நீத்தார். அமைதிக் காலத்திற்கென இந்தியா வழங்கும் ஆக உயரிய வீர விருதான அசோகச் சக்கரத்தை, 2015 குடியரசு தின விழாவில் அவருடைய துணைவியார் பெற்றுக்கொண்டார். படம் முடிந்து வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் கிள்ளானிலும் உண்டு, பிரிக்பீல்ட்ஸிலும் உண்டு.

அவர்களிடமே ஆர். சகாதேவன் யார் என்று கேட்டால், எத்தனை பேர் உடனே பதில் சொல்வார்கள்?

சவுக்கில் நடந்தது

2000ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி. பேராக் மாநிலம் கிரிக் வட்டாரத்தில் இருந்த ராணுவ முகாம்களுக்குள் ராணுவ அதிகாரிகளைப் போல் உடையணிந்து நுழைந்த அல்-மவுனா கும்பல், நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதங்களை அள்ளிச் சென்றது. பிறகு கோலகங்சார் அருகே சவுக்கில் உள்ள புக்கிட் ஜெனாலிக் காட்டில் பதுங்கியது. அங்கே நால்வர் பிணையாகப் பிடிபட்டனர். போலீஸ் சிறப்புப் பிரிவின் கார்ப்பரல் சகாதேவன் அவர்களில் ஒருவர். ராணுவ கமாண்டோ மேத்யூ அனாக் மேடான் இன்னொருவர். கும்பல் சரணடைவதற்குள் இந்த இருவரும் கொல்லப்பட்டனர். மற்ற இருவர் உயிரோடு மீட்கப்பட்டனர்.

சகாதேவன் போலீஸ்காரர்தானே, அவரைப் போர் வீரர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. கும்பலின் மீது நிரூபிக்கப்பட்ட குற்றம் சாதாரணக் கொள்ளை அல்ல. மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம். கும்பலின் தலைவன் 2006இல் தூக்கிலிடப்பட்டான். போர் என்று சட்டமே சொன்ன ஒன்றில் நாட்டுக்காக மாண்டவர்கள் ஒரு தமிழரும் ஓர் இபான் இளைஞரும்.

விருது எப்படிக் கிடைக்கிறது?

கடமையில் உயிர்துறக்கும் எல்லாருக்கும் நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் வீர விருது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கடமை கேட்டதற்கும் மேலாக ஒருவர் என்ன செய்தார் என்பது உறுதியாக வேண்டும். யார் பார்த்தார்கள்? எங்கே, எப்போது நடந்தது? இதையெல்லாம் எழுதி மேலிடத்திற்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். மாண்டவர் பேசமாட்டார். ஆகவே, விருது என்பது உயிரோடு திரும்பியவர்கள் அவருக்காகச் சொல்லும் சாட்சி.

மலேசியாவில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மாட் அஸ்னான் அவாங். 1993 அக்டோபர் 3ஆம் தேதி சோமாலியாவின் மொகாடிஷு நகரில் அமெரிக்க வீரர்கள் எதிரிகளின் முற்றுகையில் சிக்கிக்கொண்டனர். ஐ.நா. படையில் இருந்த மலேசிய வீரர்கள் அவர்களை மீட்கக் கொண்டோர் கவச வாகனங்களில் கிளம்பினர். அந்த வாகனங்களில் ஒன்றை ஓட்டிய மாட் அஸ்னான் ராக்கெட் குண்டுத் தாக்குதலில் உயிரிழந்தார். பதவியில் அவர் சாதாரணச் சிப்பாய். ஆனால் அவருக்குக் கிடைத்ததோ கூட்டரசு விருதுகளில் ஆக உயர்ந்த ஸ்ரீ பாலாவான் காகா பெர்காசா.

அதே சம்பவத்தை வைத்து 2001இல் ஹாலிவுட் எடுத்த ‘பிளாக் ஹாக் டவுன்’ படத்தில் மலேசியர்களின் பங்கு மிகச் சொற்பமாகவே காட்டப்பட்டது. மலேசியர்களின் கதையைச் சொல்ல, 2023இல் ‘மல்பாட்: மிசி பக்காரா’ என்ற படத்தை மலேசியர்களே எடுக்க வேண்டியிருந்தது. நம் கதையை நாம் சொல்லாவிட்டால் அடுத்தவர் அதைப் பாதியாகத்தான் சொல்வார். சவுக்கின் கதையும் அப்படித்தான் வெளியே வந்தது. காட்டுக்குள் என்ன நடந்தது என்பதை, உயிர்தப்பிய இருவரும் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள்.

கல்லில் ஏறாத பெயர்கள்

சாட்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியத் தமிழர்கள் வெளியே தேட வேண்டியதில்லை. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின், மலாயாவின் தோட்டப்புறங்களிலிருந்து ஏராளமான தமிழ் இளைஞர்களும் இளம்பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். பர்மா போர்முனைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தப் படையின் மாண்ட வீரர்களுக்காக 1945 ஜூலையில் சிங்கப்பூரில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தனர். அந்த இடத்தில் நினைவுப் பலகை வைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே போரில் பிரிட்டிஷ் தரப்பில் நின்று மாண்ட இந்திய வீரர்கள் பலரின் பெயரைத் தைப்பிங் போர்க் கல்லறையில் இன்றும் வாசிக்கலாம். எந்தத் தரப்பு சரி என்பது வேறு விவாதம். தலைவரின் பெயர் கோலாலம்பூரில் உள்ள இந்தியக் கலாசார மையத்தில் நிலைத்திருக்கிறது. தோட்டத்து வீட்டிலிருந்து போன சிப்பாயின் பெயர் எங்கே? அவன் வீட்டாரும் சொல்லவில்லை என்றால் அது எங்குமே இல்லை.

தமிழனுக்கு இது புதிதல்ல

போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறிப்பது தமிழர் வழக்கம். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட பழந்தமிழ் நடுகல் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. எந்த ஊரில் நடந்த ஆநிரைச் சண்டை, மாண்டவன் யார் என்ற இரண்டையும் அது சில சொற்களில் சொல்லிவிடுகிறது. இன்றைய விருதுக் குறிப்பிலும் முதலில் இருப்பவை இந்த இரண்டும்தான்.

கோலாலம்பூரில் ஏழு வெண்கல உருவங்களோடு நிற்கும் துகு நெகாரா, 1966இல் நாடு நட்ட நடுகல். ஜூலை 31ஆம் தேதி வீரர்கள் தினம். அன்று நாடு எல்லா வீரர்களையும் சேர்த்து வணங்குகிறது. தனி ஒருவரின் பெயரை நினைவில் வைப்பது குடும்பத்தின் கையிலும் சமூகத்தின் கையிலும் இருக்கிறது.

பல வீடுகளில் சீருடை அணிந்த தாத்தாவின் படம் மாலையோடு தொங்குகிறது. தீபாவளிக்கு அதன் முன் படையலும் உண்டு. ஆனால் அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று கேட்டால் பேரப்பிள்ளைகள் விழிக்கிறார்கள். அவருடைய முழுப்பெயர், படை எண், பிரிவு, பணியாற்றிய இடங்கள், உடனிருந்த நண்பர்களின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டலாம். பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பாட்டியும் போய்விட்டால், பதில் சொல்ல வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?