சுக்கிலப்பாயத்து நொதியங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே கிடக்கும் படுவான்கரை, வயலும் மேய்ச்சற்றரையும் விரவிய நாடு. அங்கே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக் கல்நந்தி புல்லுண்டதென்னும் ஐதிகம், கால்நடையோடு மக்கள் கொண்ட தொடர்பினைக் காட்டும். மாட்டையும் ஆட்டையும் செல்வமெனப் போற்றும் இத்தகைய நாட்டில் நல்லினம் பெருக்குதற்குச் செயற்கைச் சினைப்படுத்தல் ஒரு வழியாகும். அது பயன்றருதல் விந்திலுள்ள நொதியங்களை அறிந்து நடத்தலைப் பொறுத்தது.

நொதியமாவது, தான் செலவாகாது இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். விந்து என்பது விந்தணுக்களும் அவை மிதக்கும் சுக்கிலப்பாயமும் கூடியது. இரண்டிலும் நொதியங்கள் உள. விந்தணுவின் தலைநுனியில் உச்சிமூர்த்தம் என்னும் சிறு பை உண்டு. அதிலுள்ள ஐயலூரோனிடேசு, முட்டையைச் சூழ்ந்த கலங்களைப் பிணைக்கும் பசைப்பொருளைக் கரைக்கின்றது. அக்குரோசின் என்பது முட்டையுறையின் புரதத்தைப் பகுத்து, உட்புகுதற்கு உதவுகின்றது. உரிய காலத்துக்கு முன் இப்பை சிதையின், விந்தணு கருவூட்டும் ஆற்றலை இழக்கும்.

விந்தைக் குளிரூட்டிச் சேமிக்கையில் விந்தணுவின் மென்சவ்வு பழுதுறும். கோழிமுட்டையின் மஞ்சட்கருவைச் சேர்த்தாற் காளையின் விந்து சில நாள் கெடாதிருக்குமென 1940ஆம் ஆண்டிற் பிலிப்சு, இலாடி என்போர் காட்டினர். மஞ்சட்கருவிலுள்ள இலெசிதின் முதலிய கொழுப்புப்பொருள்கள் சவ்வைக் காக்கின்றன. ஆயின் அம்முறையை ஆட்டுக்கடாவின் விந்துக்குக் கையாண்டபோது மஞ்சட்கரு திரைந்தது, விந்தணுக்களும் மடிந்தன.

மஞ்சட்கருவைத் திரைப்பது கடாவின் கூப்பர் சுரப்பியினின்று சுக்கிலப்பாயத்திற் கலக்கும் ஒரு நொதியமென 1957ஆம் ஆண்டில் ரோய் என்பார் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார். அந்நொதியம் இலெசிதினைப் பகுத்து இலைசோலெசிதின் ஆக்கும். இதுவோ சவர்க்காரம் போன்று கொழுப்பைக் கரைக்கும் இயல்பினது. ஆதலின், காக்கப்படவேண்டிய சவ்வையே சிதைக்கின்றது. இயற்கைப் புணர்ச்சியிற் சினையாதலைத் தடுக்காத நொதியம், அயற்பொருளோடு கூடியவிடத்து நஞ்சை விளைக்கின்றது.

காரணம் அறியப்படவே பரிகாரமும் பிறந்தது. கடாவின் விந்தை மையநீக்கப் பொறியிற் சுழற்றிச் சுக்கிலப்பாயத்தைக் கழுவி நீக்குதல் ஒரு முறை. மஞ்சட்கருவின் அளவை மிகக் குறைத்தல் மற்றொரு முறை. காளைக்கு ஏற்றதைக் கடாவுக்கும் ஏற்றதெனக் கொண்டால், ஈற்றுக் காலத்தை எதிர்நோக்கியிருந்த ஆடுவளர்ப்போன் குட்டியின்றி நிற்பான். ஒவ்வோர் இனத்தின் சுக்கிலப்பாயத்தையும் தனித்தனி ஆராய்தல் இதனாலேயே இன்றியமையாததாகின்றது.