இருமும் நாய்க்கு எந்த ஊசி முதலில்?

லயத்து நாய் ‘லொக் லொக்’கென இருமி நுரை கக்கினால், “தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு” என்று வாய்க்குள் கை விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யவே வேண்டாம்.

பெரும்பாலும் அது தொற்று இருமல்தான். போர்டெட்டெல்லா என்ற கிருமியாலும் சில வைரசுகளாலும் வருவது. ஒன்றையொன்று முகர்ந்தாலே ஒட்டிக்கொள்ளும். நன்றாகத் தின்று திரியும் நாய்க்கு இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிடும். கழுத்துக் கயிற்றைத் தளர்த்தி, அடுப்புப் புகை படாமல் படுக்க விடுங்கள். டிஸ்பென்சரியில் நமக்குத் தந்த இருமல் பாணியைக் கொடுக்காதீர்கள். தின்னாமல் சுருண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சின்னக் குட்டி என்றாலோ மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இந்த இருமலுக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. ஆனால் காசு போகும், வருசா வருசம் போட வேண்டும். போட்டாலும் இருமல் வரலாம், கடுமைதான் குறையும். பல நாய்களை அடைத்து வைக்கும் இடத்தில் தம் நாயை விடுவோருக்கு அது பயன்படும். நம் லயங்களுக்கு முதலில் வேண்டியது விசர் ஊசிதான் என்பது எங்கள் எண்ணம்.

ஏனென்றால், விசர் பிடித்த நாயும் தொண்டையில் ஏதோ மாட்டியது போலவே எச்சில் ஒழுகி, குரல் மாறித் திரியும். மனிதருக்கு விசரின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. இந்த ஊசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் திகதியைக் கேட்டு, அன்றைக்கு நாயைக் கட்டி வையுங்கள்.

கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளைகள் ஏச்சுக்குப் பயந்து மறைப்பார்கள். ஏசாமல் கேட்டுப் பாருங்கள்.