நண்டினங்கள் பிரிந்த வரலாறு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபால், வெருகல் ஆற்றுக்குத் தெற்கே அமைந்த ஊர் கதிரவெளி. ஒருபுறம் கடல், மறுபுறம் வயலும் குளமும். இத்தகைய ஊர்களின் வயல்வரம்புகளில் வளைதோண்டி வாழும் நண்டைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. தாயின் வயிற்றைப் பிளந்துகொண்டே குஞ்சுகள் வெளிவரும் என்பர். அஃது உண்மையன்று. எனினும், அந்நம்பிக்கைக்கு இடந்தந்த காட்சியிலேயே இனப்பிரிவின் காரணமும் அடங்கியிருக்கிறது.

நன்னீர் நண்டு தன் முட்டைகளை வயிற்றின் கீழுள்ள மடலுக்குள் சுமக்கிறது. அவை எண்ணிக்கையிற் குறைந்தவை, அளவிற் பெரியவை. அவற்றிலிருந்து நீந்தித் திரியும் குடம்பிகள் தோன்றுவதில்லை. உருவமைந்த நண்டுக்குஞ்சுகளே தோன்றுகின்றன. அவையும் சிலகாலம் மடலிலேயே தங்கி, பின்னர் அருகிலேயே இறங்கி வாழ்கின்றன.

பெரிய நன்னீர் இறாலின் வாழ்க்கையோ வேறு. அதன் குடம்பிகள் வளர உவர்நீர் வேண்டும் என்பதை, 1961இல் பினாங்கில் ஷாவோ வென் லிங் என்னும் அறிஞர் கண்டறிந்தார். ஆகவே தாய் இறால் கழிமுகத்தை நாடுகிறது. அங்கிருந்து ஓர் ஆற்றின் குஞ்சு மற்றோர் ஆற்றை அடையவும் கூடும். அவ்வாறு கலப்பு நிகழுமளவும் இனம் எளிதிற் பிரிவதில்லை.

கொழுத்த நண்டு வளையில் தங்காது என்பது பழமொழி. ஆயினும், எவ்வளவு கொழுத்தாலும் அது மலைமுகட்டைக் கடப்பது அரிது. இதுவே முதலாவது தடை. பிரிந்த கூட்டங்களில் தலைமுறைதோறும் சிறு மாறுதல்கள் தனித்தனியே சேர்கின்றன.

அதனால் எழுவது உடலின் தடை. ஆண் நண்டின் விந்து செலுத்தும் உறுப்பு இனத்துக்கு இனம் வடிவில் வேறுபடும். அறிஞர் இனங்களை வகுக்க அதனையே சிறப்பாக நோக்குவர். பூட்டுக்குத் திறவுகோல் பொருந்தாததுபோல, வடிவம் மாறியவிடத்துக் கூடுதல் அரிதாகலாம். துணையை உணர்த்தும் மணமும், கூடும் பருவமும் வேறுபடினும் அவ்வாறே. இவற்றையுங் கடந்து கலப்பு நேர்ந்தால், கரு வளராது போகலாம். அன்றிப் பிறந்த குஞ்சு மலடாகலாம். அது மூன்றாவது தடை.

பனியூழிகளிற் கடல் தாழ்ந்தபோது இலங்கையும் இந்தியாவும் பலமுறை நிலத்தால் இணைந்திருந்தன. நிலப்பாலம் இருந்தும், இருநாட்டு நன்னீர் நண்டுகள் பெரிதும் தனித்தனியே கூர்ப்படைந்தன என்பதை 2004இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டியது. இலங்கையிலுள்ள 50க்கு மேற்பட்ட நன்னீர் நண்டினங்களில் ஏறக்குறைய அனைத்தும் வேறெங்கும் இல்லாதவை.

ஆதலால், ஓடையொன்று வற்றினாலும், கிருமிநாசினி கலந்தாலும் நேரும் இழப்பு மிகப் பெரிது. அயல் ஆற்றின் குஞ்சுகளைக் கொணர்ந்து கடல் அவ்விடத்தை நிரப்பாது. கமக்காரர் தம் வயலிற் தெளிக்கும் மருந்து ஓடைநீரிற் கலவாது காப்பாராயின், நெடுங்காலத்திற் பிரிந்து உருவான ஓரினம் ஒருநாளில் அழியாது பிழைக்கும்.