லேசருக்குப் பின் கண் சிவந்தால்

நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சாலின் ரப்பர் தோட்டத் தமிழர்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தார். அங்கிருந்து ஒருவர் கண்ணாடியைக் கழற்ற லேசிக் செய்துகொள்ள நினைத்தால், சென்னை மாதிரி ஊருக்குக் கடல் தாண்டித்தான் வர வேண்டும். சிகிச்சை சில நிமிட வேலை. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வாரங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அவற்றைக் கப்பலிலும் தீவிலும் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கருவிழியின் மேல் மெல்லிய ஏட்டைச் சீவித் திறந்து, உள்ளே 193 நானோமீட்டர் புறஊதா லேசரால் செதுக்கி, ஏட்டைத் திரும்பப் படியவைக்கிறார்கள். தையல் கிடையாது. இந்த லேசர் திசுவைக் கருக்காமல் செதுக்கும் என்று 1981-ல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன்.

லேசருக்குப் பின் கண்ணைச் சிவக்கவைக்கக் கூடிய ஒன்று ஹெர்பஸ். உதட்டோரம் கொப்புளம் கிளப்பும் இந்த வைரஸ் முக நரம்பு முடிச்சில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். புறஊதாக் கதிர், ஏட்டோடு அறுபட்ட நரம்பு, ஸ்டீராய்டு சொட்டு மருந்து எல்லாம் சேர்ந்து அதை எழுப்பிவிடலாம். அரிதுதான். ஆனால் நரம்பு அறுபட்ட கருவிழிக்கு உணர்ச்சி மட்டு. வலிக்கவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. முன்பு கண்ணில் ஹெர்பஸ் வந்தவர் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. அசைக்ளோவிர் மாத்திரையை முன்கூட்டியே தருவார், அல்லது லேசிக்கே வேண்டாம் என்பார்.

இன்னொன்று நம் ‘மெட்ராஸ் ஐ’. பார்த்தால் ஒட்டாது, கை, துண்டு, தலையணை உறை வழியாக ஒட்டும். பெரும்பாலும் அதை உண்டாக்கும் அடினோவைரஸ் உலர்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் தாங்கும் என்பதால், சரியாகச் சுத்தம் செய்யாத கண் அழுத்தக் கருவியின் முனைகூட ஆபத்து. சிவப்பு வடிந்த பின்னும் கருவிழியில் வெண்புள்ளிகள் மாதக்கணக்கில் நின்று பார்வையை மங்கலாக்கலாம். அரிப்புத் தாங்காமல் கசக்கினால் ஏடு நகர்ந்துவிடும்.

மருந்துக்கடையில் தானாகச் சொட்டு மருந்து வாங்குவதுதான் பெரிய கேடு. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது; ஹெர்பஸ் புண்ணில் ஸ்டீராய்டை மட்டும் விட்டால் புண் பரவும். மருத்துவர் சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்ப்பார்: ஹெர்பஸ் என்றால் மரக்கிளை வடிவில் பச்சையாக ஒளிரும்.

ஆகவே சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே, மறுபரிசோதனைகள் முடிந்த பிறகு கிளம்பும் கப்பலுக்கே சீட்டு எடுங்கள். தீவுக்குப் போனபின் கண் சிவந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் முதல் வார்த்தையாக ‘லேசிக் செய்த கண்’ என்று சொல்லுங்கள்.