மாமா எப்படிக் காளியானார்?

சோழவந்தான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வெற்றிலைதான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பெருமாளே வேஷம் போட்டுக்கொள்ளும் ஊர் அது! சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் ஜெனகை நாராயணப் பெருமாள் கள்ளழகர் வேடம் பூண்டு, குதிரை வாகனத்தில் வைகை ஆற்றில் இறங்குகிறார். அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் பொடிசுகள் கை கொட்டிச் சிரிக்கின்றன. ஒன்றுகூடப் பயப்படுவதில்லை. என்ன வேடம் பூண்டாலும் சாமியின் முகம் சாமியின் முகமாகவே இருக்கிறதல்லவா?

முகமே மாறிப்போகிற வேஷம் வேறு சமாசாரம்.

இவ்வூரில் ஒரு வீட்டில் இதைப் பற்றித்தான் பெரிய தர்க்கம். மருமகள் உடன்குடிப் பக்கத்துப் பெண். அவளுடைய தம்பி ஆண்டுதோறும் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறவர். மூன்றரை வயது மகனை அதைப் பார்க்க அழைத்துப் போகலாமா, கூடாதா?

"பிள்ளை ராத்திரியெல்லாம் அலறுவான் அத்தை" என்கிறாள் மருமகள்.

"சும்மா இரு தாயி. அவன் அப்பன் அந்த வயசுலே என் இடுப்பிலே இருந்துக்கிட்டே பூக்குழி பார்த்தவன்" என்கிறார் அப்பத்தா.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதலில் அந்தத் தசராவைப் பார்ப்போம். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது குலசேகரன்பட்டினம். நவராத்திரி தொடங்கும் நாளில் கொடியேறும். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். விரதம் இருந்து காப்புக் கட்டிக்கொண்டவர்கள் காளி, எமன், குறவன், குறத்தி, கரடி, குரங்கு, போலீஸ்காரர் என்று மனத்துக்குப் பிடித்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு, குழுக்குழுவாக ஊர் ஊராகப் போய் வீட்டு வாசலில் நின்று காணிக்கை கேட்பார்கள். சேர்ந்த பணம் அம்மன் உண்டியலுக்கு. காரில் வந்து இறங்குகிற கனவான் பிச்சைக்காரர் வேஷத்தில் தட்டை நீட்டுவதையும் அங்கே பார்க்கலாம்.

இதைப் படிக்கும்போது அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கிறவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். அங்கே அக்டோபர் 31-ஆம் தேதி ஹாலோவீன். குழந்தைகள் பேயாகவும் பூனையாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். இங்கே காணிக்கை, அங்கே மிட்டாய். வாசலில் நிற்கிற வேஷக்காரர் கூட்டம் மட்டும் ஒன்றே. புளோரிடாவில் உள்ள டிஸ்னி கேளிக்கைப் பூங்காவில் 1995 முதல் இதற்கென்று தனிச் சீட்டு வைத்து இரவு விருந்து நடத்துகிறார்கள். மற்ற நாட்களில் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பூங்காவுக்குள் வேஷம் போட்டு வரக்கூடாது. விருந்து இரவில் போடலாம். ஆனால் முகமூடி மட்டும் அப்போதும் கூடாது. அதே வட்டாரத்தில் யுனிவர்சல் என்ற பூங்காவில் 1991 முதல் நடக்கும் ஹாலோவீன் இரவு வேறு ரகம். பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று அவர்களே அறிவிக்கிறார்கள். சிரிக்கிற பேய்க்கு ஒரு பூங்கா, அலறவைக்கிற பேய்க்கு ஒரு பூங்கா. குலசையில் இரண்டும் ஒரே தெருவில் வருகின்றன. பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியது பெற்றோரின் பாடு.

பெரியவர்களின் முகமூடியில் அப்படி என்ன இருக்கிறது? 1969-இல் ரீட்டா டி விரீஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. மேனார்டு என்ற சாதுவான பூனை. குழந்தைகள் அதைத் தடவிக் கொடுத்தார்கள். பிறகு பூனையின் முன்பக்கத்தை மட்டும் ஒரு தட்டிக்குப் பின்னால் மறைத்து, அதன் முகத்தில் நாயின் முகமூடியை மாட்டினார்கள். வால் பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகள், "பூனைதான், முகமூடி போட்டிருக்கிறது" என்றன. மூன்று வயதுப் பிள்ளைகளில் பலருக்கு அது நாயாகவே மாறிவிட்டது!

நம் மூன்றரை வயதுப் பையனை இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். திடீரென்று எதிரே சடைமுடியும் வீரப்பல்லும் செக்கச்சிவந்த முகமுமாக ஒருவர் வந்து நின்றால், அது வேஷம் போட்ட மாமா அல்ல. மாமா காணாமற்போய், அந்த இடத்தில் காளி வந்துவிட்டாள். "மாமாதாண்டா, பயப்படாதே" என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று அதட்டுகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

அதற்காகக் குழந்தையை வீட்டிலே பூட்டி வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பத்தாம் நாள் இரவை விட்டுவிட்டு, அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே தாய்வீட்டுக்குப் போய்விடலாம். வேஷம் கட்டுவது பகலில், வெளிச்சத்தில் நடக்கிற வேலை. மாமா சும்மா சட்டையோடு வந்து உட்காரும்போதே பையனும் பக்கத்தில் உட்காரட்டும். கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகத்தை அவனுக்கே கொடுங்கள். வர்ணம் முகத்தில் ஏற ஏற, மாமா அவனோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் சடைமுடியை ஒரு தடவை எடுத்துக் காட்டி, மறுபடி வைத்துக்கொள்ளட்டும். இத்தனையும் பார்த்த பிறகும் அவன் முகம் கோணினால், கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவதுதான் மரியாதை. அடுத்த வருஷமும் தசரா வரும்.

கடற்கரை சம்ஹாரம் வேறு. அசுரன் யானை முகம், சிங்க முகம், எருமைத் தலை என்று மாறி மாறி வருவான். கண்முன்னே முகம் மாறுவது இந்த வயதுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பூனைக் கதையிலேயே பார்த்தோம். நள்ளிரவு, தூக்கம், மேளம், காது வலி எல்லாம் அதற்கு மேலே. பேய் பூதத்தைவிடப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டென்றால் அது ஜன நெரிசல். 2022 ஏப்ரல் 16-ஆம் தேதி மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கியபோது கூட்டத்தில் சிக்கி இரண்டு பேர் உயிரிழந்தார்கள். பெரியவர்களுக்கே அந்தக் கதியென்றால், முழங்கால் உயரம் இருக்கிற பிள்ளைக்குக் கேட்க வேண்டாம். பகலில் சின்ன ஊருக்குப் போனாலும், பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு பையனின் சட்டைப் பையில் இருக்கட்டும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

சோழவந்தான் வீட்டுத் தர்க்கம் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது. எட்டாம் நாள் போய், ஒன்பதாம் நாள் பகல் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. சம்ஹாரத்தை அப்பத்தா டெலிவிஷனில் பார்த்துக்கொள்வாராம். பையனுக்கும் ஒரு வேஷம் உண்டு, குரங்கு வேஷம். முகத்தில் ஒன்றும் பூசப் போவதில்லை, வால் மட்டுந்தான். தேங்காய் நார்க் கயிற்றில் அப்பத்தா திரித்துக்கொண்டிருக்கிறார். அது மாமாவின் சடைமுடியைவிட நீளமாக இருக்க வேண்டுமென்பது பையனின் உத்தரவு.